பழுப்பு நிறப் பவளம்

கடலிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே, மதுரை எல்லீஸ் நகரில் ஒரு மாடி அறையில், கடல்தண்ணீரைக் கண்ணாடிக்குள் கட்டிவைத்திருப்பது எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் பட்டது. அந்த வேடிக்கை எந்த இடத்தில் சங்கடமாக மாறியது என்று யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. தொட்டிக்காரர் எனக்குத் தம்பி முறை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிப்பது ஊதா கலந்த நீல வெளிச்சம். அடுத்து ஈர உப்பின் வாடை. அதற்கும் அடுத்துத்தான் மோட்டாரின் முனகல் காதில் விழும். சற்று நேரத்தில் அதுவும் பழகி மறைந்துவிடும். தொட்டியின் விளிம்பெங்கும் உப்புப் பூத்திருக்கிறது. உள்ளே கற்களின் மேல் காளான் பவளங்களும், கடைக்காரர்கள் பட்டன் பாலிப் என்று விற்கிற ஜோவாந்தஸ் கூட்டங்களும் விரிந்திருக்கின்றன. இவை எலும்பில்லாதவை. தம்பிக்கு வேண்டியிருப்பது கல் பவளம்: தானே சுண்ணாம்பில் ஒரு கூடு கட்டி, அந்தக் கூட்டின் மேல் மெல்லிய தோலாக வாழ்கிற இனம். அதிலும் அக்ரோபோரா, கிளைகிளையாக விடுவது. “ஒண்ணே ஒண்ணு போதும்ணே, சுண்டுவிரல் நீளத்துக்கு” என்று ஒருநாள் கைப்பேசியில் படத்தை விரித்துக் காட்டினார். உடலெல்லாம் பச்சை, நுனியில் மட்டும் கத்தரிப்பூ நிறம். அவர் ஆசைப்பட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. படத்தைப் பார்த்த கணத்தில் எனக்கும் அது வேண்டும் என்று தோன்றியதுதான் இன்றுவரை உறுத்துகிறது. நீச்சல் தெரியாதவன், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவன், தொட்டி மீனைப் பார்த்தாலே பாவம் என்பவன். எனக்கு ஏன் அப்படித் தோன்ற வேண்டும்?

சட்டத்தைச் சொல்லி இதை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், 2001 இல் கல் பவளங்களைச் சேர்த்தார்கள். இது அரியது, அது அழியப்போவது என்று பொறுக்கி எடுக்காமல் ஸ்கிளராக்டினியா என்கிற வரிசை முழுவதையும் சேர்த்தார்கள். எடுத்தாலும் விற்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டுச் சரக்கென்றால் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி தாள்கள் வேண்டும். தம்பிக்கு இவையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் தொட்டியில் எலும்பில்லாதவை மட்டும் இருப்பதற்கு அதுதான் காரணம். சட்டம் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறது, சரி. ஆனால் என் கண் இழுபட்டதைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஏன் சரி என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் கால் வழுக்குகிறது.

பழகிய வளர்ப்புக்காரர்கள் பவளத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மருத்துவரின் நிதானம் இருக்கிறது. அடிப்பகுதியில் சதை விலகி வெள்ளை எலும்பு எட்டிப் பார்க்கிறதா என்று முதலில் கவனிப்பார்கள். பிறகு பவளத்தின் குட்டிக் குட்டி உடல்களான பாலிப்புகள் வெளியே நீட்டியிருக்கின்றனவா என்று. ஒட்டிவைத்த சிமெண்டு வில்லையின் மேல் சதை வழிந்து படர்ந்திருந்தால் அது தொட்டியில் வளர்ந்தது, நேற்றுக் கடலில் ஒடித்ததில்லை என்று அர்த்தம். கோனியோபோரா கூடையாகப் பூத்து நிற்கும், வாங்கத் தூண்டும். பல மாதம் நன்றாக இருப்பதுபோல் இருந்து உள்ளுக்குள் தேய்ந்து போகும். யூஃபில்லியா கொஞ்சம் பொறுமைசாலி. ஆனால் பக்கத்தில் எதையும் வைக்கக்கூடாது. கொட்டும் கைகளை இரவில் நீளமாக விட்டு, எட்டுகிற தூரத்தில் இருக்கும் பவளத்தைச் சுட்டுவிடும். அக்ரோபோராவுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். தொட்டி ஒரு வருடமாவது ஓடி நிதானப்பட்ட பிறகு, அதுவும் முதலில் கீழே, மங்கிய வெளிச்சத்தில் வைத்துப் பழக்கி, மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். இவ்வளவையும் தம்பி ஒப்பிப்பார். ஒப்பித்து முடித்ததும் அவர் விரல் போய் நிற்பது, படங்களில் எது அதிகம் மின்னுகிறதோ அதில்தான். அவரைக் குறை சொல்லவில்லை, என் விரலும் அங்கேதான் போகும். பவளம் என்றதும் நிறத்தைத் தேட நம் கண்ணைப் பழக்கியது தெற்காவணி மூல வீதி நகைக்கடைகள் என்று சந்தேகிக்கிறேன். செவ்வாய்க்காக மோதிரத்தில் பதித்துக்கொள்ளும் அந்தச் சிவப்பு, மத்தியதரைக் கடலில் பேர்போன வேறொரு சாதி. கல் பவளத்துக்கும் அதற்கும் தூரத்து உறவுதான். மன்னார் வளைகுடாவில் கண்ணாடித்தளப் படகில் ஏறிக் குனிந்து பார்க்கிறவர்கள் பாதிப்பேர் “என்னங்க, வெறும் கல்லால்ல இருக்கு” என்று நிமிர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது உயிருள்ள, நன்றாக இருக்கிற பவளத்தைத்தான். அது பழுப்பாக இருக்கிறது.

பழுப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள். வெயிலைச் சமைத்துச் சர்க்கரையாக்கிப் பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கை அவைதான் தருகின்றன. அவற்றின் நிறம் பொன்பழுப்பு. வயிறு நிறைந்த பவளம் பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் இருக்கும். தொட்டிக்காரர்கள் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பட்டினி அளவுக்குக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். பாசிகள் மெலிகின்றன. அவற்றின் பழுப்பு விலகியதும், பவளத்தின் சொந்த நிறப்புரதங்கள் துலங்கி மேலே வருகின்றன. அதன்மேல் நீல விளக்கைப் போட்டால் பச்சையும் ஆரஞ்சும் தணலாக எரியும். கடல் சூடேறும்போதும் இதற்கு நெருங்கிய ஒன்று நடக்கிறது. பாசிகள் வெளியேறிய சில பவளங்கள் வெளுப்பதற்குப் பதிலாகக் கண்கூசும் நிறங்களை எடுக்கின்றன. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2020 இல் இதை விளக்கினார்கள்: பாசி இல்லாத சதைக்குள் வெளிச்சம் அளவுக்கு மீறிப் பாய்கிறது, அதைத் தடுக்கப் பவளம் நிறத்தைக் குடையாக உற்பத்தி செய்கிறது, அந்த நிழலில் பாசிகள் திரும்பிவர வழி பிறக்கிறது. ஆகவே அந்த மினுக்கத்தை வலி என்று மட்டும் சொல்ல முடியாது, குணமாவதற்கான முயற்சியும் அதில் இருக்கிறது. ஆழமில்லாத இடத்தில் நல்ல வெயிலில், எந்த நோயும் இல்லாமல் நுனி ஊதாவாக நிற்கும் பவளங்களும் உண்டு. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கைப்பேசிப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். என்னை இழுத்தது ஆரோக்கியமா, பசியா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. தெரிந்த பிறகும் இழுப்பு குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த ஊரில் அதை உயிரோடு வைத்திருக்க என்ன வேண்டும் என்று கேட்டால் தம்பி எண்களாகப் பேச ஆரம்பித்துவிடுவார். வெப்பம் 26 டிகிரி. உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், மெக்னீசியம் 1300. காரத்தன்மை டிகேஹெச் கணக்கில் 8. அது சட்டென்று ஏறி இறங்கினால் அக்ரோபோராவின் நுனிகள் வெந்துபோகும். “எது எவ்வளவுங்கறதுகூட ரெண்டாவதுண்ணே. ஆடாம நிக்கணும், அதான்” என்பார். ஆடாமல் நிற்பது மதுரையின் சுபாவத்தில் இல்லை. சித்திரையில் வெளியே 40 ஐத் தொடும்போது மாடி அறையின் மின்விசிறி அனலைத்தான் கலக்கிக்கொண்டிருக்கும். சில்லர் வாங்கக் காசு சேராத காலத்தில் அவர் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்தாற்போல் கம்ப்யூட்டர் விசிறிகளைக் கட்டிவிட்டிருந்தார். சென்னையில் இந்த வித்தை இவ்வளவு எடுபடாது, அங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். மதுரைக் காற்று வறண்டது. தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சும்போது சூட்டையும் கொண்டுபோகும், தொட்டியில் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். நம் ஊர் வறட்சி ஒரு கடல் பிராணிக்குக் கைகொடுக்கிறது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று விளங்கவில்லை. ஆனால் போன தண்ணீரை ஈடுகட்ட வேண்டும். உப்பு ஆவியாகாது என்பதால் ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், போர் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான். ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்தால் இரண்டு குடமாவது கழிவாக இறங்கும். அவர் அதில் துணி அலசுகிறார், படி கழுவுகிறார். இருந்தாலும் வைகையில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணுகிற ஊரில் அந்தக் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. 2012 இல் போல நாளில் பாதி நேரம் மின்சாரம் போகிற காலம் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பேட்டரியைத் தட்டிக் காட்டினார். தண்ணீர் அசையாமல் நின்றால் சில மணி நேரத்தில் அதிலுள்ள உயிர்க்காற்று தீர்ந்துவிடுமாம்.

தூத்துக்குடி பக்கத்தில் இருக்கும்போது உப்புக்கு எதற்கு இறக்குமதி வாளி என்றும் கேட்டிருக்கிறேன். உப்பளத்துப் பாத்தியில் கடல்தண்ணீர் காயும்போது முதலில் கீழே தங்குவது சுண்ணாம்பு, அடுத்தது ஜிப்சம், அதற்கப்புறம்தான் நாம் சோற்றில் போடுகிற உப்பு. மெக்னீசியம் கடைசிவரை படியாமல் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடும். நல்ல உப்பு என்று நாம் சொல்வது, பவளத்துக்கு வேண்டிய அனைத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுவது.

அவருடைய எண்களில் கால்சியத்தை மட்டும் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. கல் பவளம் வளர வளரத் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்து எலும்பாக்கிக்கொண்டே போகும். கடலில் அது தீராது, தொட்டியில் தீர்ந்துவிடும். ஈடுகட்டுவதற்கு இருக்கிற பழைய வழி சுண்ணாம்புத் தண்ணீர். நீற்றிய சுண்ணாம்பைக் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவார்கள். இரவில்தான் விட வேண்டும். விளக்கணைந்ததும் பாசிகள் சமையலை நிறுத்திவிடுவதால் கரியமிலவாயு கூடித் தண்ணீரின் காரம் இறங்கும், சுண்ணாம்பு அதைத் தூக்கி நிறுத்தும். ஐரோப்பாவில் இதைப் பரப்பியவர் பீட்டர் வில்கன்ஸ் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர். இன்னொரு வழி இதைவிட விபரீதம். செத்த பவளத்தின் எலும்புத் துண்டுகளை ஒரு குழலில் நிரப்பிக் கரியமிலவாயுவை ஊதிக் கரைத்து, அந்தக் கரைசலை உயிருள்ள பவளத்துக்குக் கொடுப்பது. வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகுமா என்று கேட்டதற்குத் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். அதில் என்னென்ன அழுக்கோ, மருந்துக்கடைச் சுத்தம் வேண்டுமாம். எனக்கு நாயக்கர் மகால் தூண்கள்தான் கண்ணில் நின்றன. 1636 இல் எழுந்த அந்த அரண்மனையின் பிரம்மாண்டமான தூண்கள் செங்கல்லில் கட்டியவை. தொட்டால் வழுக்குகிற அந்தப் பளபளப்பு, கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய சுதை. தண்ணீருக்குள் ஏதோ ஒரு பிராணி தனக்கென்று கட்டிய கூடு, சூளையில் கரியமிலத்தை விட்டுப் பொடியாகி, சுவரில் ஏறி, விட்ட கரியமிலத்தைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மறுபடி கல்லாகியிருக்கிறது. சோழவந்தான் வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும் இப்படி வந்ததுதான். சமவெளியில் இருக்கும் எங்களுக்குக் கடல் காலங்காலமாக வெள்ளைத் தூளாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது, உப்பும் சுண்ணாம்பும்.

பவளத்தையே சூளைக்கு அனுப்பிய காலமும் உண்டு, நெடுங்காலத்துக்கு முன்பும் இல்லை. 1970 களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 கன மீட்டர் பவளக்கல்லை உடைத்து வள்ளங்களில் ஏற்றியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் கட்டடத்துக்கும் போயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் விட்டுவைத்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவரில் விரலை வைத்தால், பாலிப்புகள் உட்கார்ந்திருந்த சின்னச்சின்ன வட்டக்குழிகள் இன்றும் தட்டுப்படும். 1986 இல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. அலையைத் தடுத்து நின்ற பவளப் பாரை உடைத்தெடுத்ததில் தீவுக்கு அரண் போயிற்று. வெட்டு முழுதாக நின்றது 2005 வாக்கில்தான். வண்டி வண்டியாகப் போனபோது அது கல். கல்லுக்காக யாரும் வருத்தப்படவில்லை. சுண்டுவிரல் நீளம் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்கிற தம்பி அதைச் சுவாசிக்கிற, பசிக்கிற, நுனி வெந்துபோகிற ஒன்றாக அறிந்திருக்கிறார். அதற்குச் சுண்ணாம்பை ஊட்டவும் தயாராக இருக்கிறார். குற்றவாளி ஆகக்கூடியவரும் அவர்தான். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்று தெரிகிறது. ஒரு துண்டுக்குச் சந்தை திறந்தால் அதன் பின்னால் வரப்போவதைத் தடுக்கத்தான் சட்டம் ஒரு துண்டையும் தடுக்கிறது. தெரிந்தும் மனம் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

கடைக்காரரும் வாங்குகிறவரும் மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை, கடலும் தேர்ந்தெடுக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும் ஆண்டுகளில் பவளங்கள் பாசியை உதறிவிட்டு வெளுத்துவிடுகின்றன. 1998 இல், 2010 இல், 2016 இல், 2024 இல் அப்படி ஆயிற்று. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2016 க்கு முன்னும் பின்னும் முக்குளித்து அளந்ததில், கடலடியில் உயிருள்ள பவளம் போர்த்தியிருந்த பரப்பு ஏறக்குறைய 39 விழுக்காட்டிலிருந்து 23 க்கு இறங்கியிருந்தது. முதலில் செத்தவை அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா; கிளையும் தட்டுமாக வேகமாக வளர்கிறவை, கடைப் படங்களில் மின்னுகிறவை. பெரும்பாலும் பிழைத்தது போரைட்டஸ். அதை எந்த வளர்ப்புக்காரரும் ஆசைப்பட்டுக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கவிழ்த்த அண்டா போலப் பழுப்பாக உட்கார்ந்திருக்கும், வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். என் கண் எதைக் கேட்டதோ அதை வெயில் முதலில் எடுத்துக்கொள்கிறது; என் கண் தாண்டிப்போனது மிஞ்சுகிறது. இதற்குள் ஒரு நியாயம் ஒளிந்திருப்பதாகச் சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. கிளைப் பவளங்கள் போன இடத்தில் குட்டி மீன்களுக்கு ஒளியச் சந்துபொந்து இல்லாமல் போகிறது. அண்டாக்கள் மட்டும் மிஞ்சிய கடல் அதே கடலாக இருக்காது.

தம்பியின் அறையில் வெப்பம் 27.5 ஐத் தொட்டால் கைப்பேசி கத்தும், அவர் கல்லாவை விட்டு எழுந்து ஓடிவருவார். அதே மத்தியானம் மண்டபத்துக்கு அப்பால் தண்ணீர் 31 இல் வாரக்கணக்கில் நிற்கலாம். அதற்கு யாருடைய கைப்பேசியும் கத்தாது. நிறுவனத்து ஆட்கள் முங்கிப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். ஒன்றரை டிகிரிக்குப் பதறத் தெரிந்த ஒருவர் இந்த நகரத்தில் இருக்கிறார் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. மதுரையில் எத்தனை பேருக்குக் கடல்தண்ணீரின் ஒன்றரை டிகிரி ஒரு பொருட்டு? ஆனால் அந்தப் பதற்றம் கண்ணாடியைத் தாண்டி வெளியே போகிறதா என்று கேட்டால், அவரே தோளைக் குலுக்குகிறார். தன் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பதறுகிறவர் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பதறுவார் என்று கட்டாயமில்லை. இதில் ஒரு கோணலும் இருக்கிறது. இப்போது அவரிடம் சில்லர் இருக்கிறது. அது தொட்டியின் சூட்டை எடுத்து அறைக்குள் விடுகிறது, அறையின் சூட்டை ஏசி எடுத்துத் தெருவுக்குத் தள்ளுகிறது. இரண்டுக்குமான மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியை எரித்து வருவது, தூத்துக்குடியில் அந்தக் கடலோரத்திலேயே ஓர் அனல்மின் நிலையம் புகைந்துகொண்டிருக்கிறது.

எண்களில் அடங்காதது நிலா. மார்ச் கடைசியில், பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், மன்னார் வளைகுடாவின் அக்ரோபோராக்கள் ஒரே நேரத்தில் கருக்களை வெளியே விடுகின்றன. கீழிருந்து மேலே, இளஞ்சிவப்பு மணிகளாக. இங்கே பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துப் போகிற அதே வெளிச்சத்தில் அது நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் ஒன்றும் சொல்ல முடியாது. தொட்டியில் இது நடக்க வேண்டுமென்றால் ஒரு வருடத்துச் சூரியோதயங்களையும் அஸ்தமனங்களையும் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தையும் நிலவின் தேய்பிறை வளர்பிறைகளையும் விளக்கில் எழுதிவைக்க வேண்டும். லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிரேக்ஸ் என்பவர் இதைச் செய்து பவளங்களைக் கருவிடவே வைத்தார். தம்பியின் விளக்கிலும் நிலா என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தினமும் பத்து மணிக்கு ஒரே அளவில் எரிந்து, ஒரே நேரத்தில் அணையும்.

இவ்வளவும் பேசியபின் அவர் ஒரு யோசனை சொன்னார். அது யோசனை என்பதைவிட வழக்கு. சுகந்தி தேவதாசன் நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள், அவை பிடித்து வளர்கின்றன. ஒடித்து ஒட்டி வளர்ப்பதைத்தான் தொட்டிக்காரர்களும் செய்கிறார்கள். அப்படியானால் நட்டு வளர்த்ததில் ஒரு பங்கை முத்திரை வைத்து விற்றால் என்ன? இந்தோனேசியாவில் தீவு கிராமங்கள் பண்ணை வைத்து ஏற்றுமதி செய்கின்றன. அங்கேயும் 2018 இல் ஏற்றுமதியை நிறுத்தி, 2020 இல்தான் மறுபடி திறந்தார்கள் என்பதையும் அவரே சொன்னார், நேர்மையான ஆள். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1961 இலேயே, கடலிலிருந்து எடுத்த கல்லும் காற்றுப் பம்பும் வெயிலும் மட்டும் வைத்து உயிருள்ள பவளங்களைத் தொட்டியில் வளர்த்துக் காட்டியிருக்கிறார். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்ததால் அவருக்கு இந்த எண்கள் எதுவும் தேவைப்படவில்லை. தம்பியின் பேச்சில் கொஞ்சம் பொறாமை தெரிந்தது.

நான் வேண்டாம் என்றேன். சட்டத்தைக் காரணம் காட்டவில்லை. பண்ணை வந்தால் அதில் வளரப்போவது என்னைப் போன்றவன் கண் கேட்பதுதான், பச்சை உடலும் கத்தரிப்பூ நுனியும். அண்டாக் கல்லுக்கு யாரும் பலகை கட்டப்போவதில்லை. கடலின் தேர்வு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது நம்முடைய தேர்வையும் அதன் தலையில் ஏற்றுவதா என்றேன். அவர் உடனே திருப்பினார்: “அப்ப பாசி எடுக்குற பொம்பளைகளுக்கு நீங்க என்னண்ணே குடுக்கப் போறீங்க?” பாம்பன் பக்கம் சின்னப்பாலத்திலும் அதன் சுற்றிலும் பெண்கள் முங்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, கால் கிழியாமல் ஏதாவது கட்டிக்கொண்டு இறங்குவார்கள். கையில் படுகிற கீறல்களை வைத்தே எந்தப் பார் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள். பூங்கா வந்தபின் தீவுகளை ஒட்டி அவர்கள் இறங்குவதற்குத் தடை வந்தது. அவர்களாகவே மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, ஏப்ரலில் தொடங்கி ஒன்றரை மாதம் பாசியைத் தொடாமல் விடுவது என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015 இல் அதற்காக சீகாலஜி என்கிற சர்வதேச அமைப்பு பரிசு கொடுத்தது. எதை எடுக்கலாம், எப்போது எடுக்கக்கூடாது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறவர்கள் அவர்கள். எல்லீஸ் நகர் மாடியில் காபி குடித்துக்கொண்டு அந்தக் கடலில் எது விற்கப்படலாம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்ற கேள்வி அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. என் மறுப்பை நான் வாபஸ் வாங்கவில்லை. அது முன்பிருந்த உறுதியில் இல்லை என்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

தம்பியும் ஆசையை விடவில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு டப்பா ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார், இரவில் சுண்ணாம்புத் தண்ணீரும் சொட்டுகிறது. எலும்பில்லாதவைகளுக்கு எதற்கு என்று கேட்டேன். பின்கண்ணாடியைக் காட்டினார். ரோஸ் நிறத்தில் சுண்ணாம்புப் பாசி திட்டுத் திட்டாகக் கண்ணாடியில் கல் கட்டிக்கொண்டு படர்ந்திருந்தது. “இதுக்குச் சட்டம் கிடையாதுண்ணே” என்றார்.